பெருமூச்சும் ஆறாதாரமும்: உடுப்பிட்டியை முன்வைத்து யோக சிகிச்சை பற்றி ஒரு வாதம்

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியிலும் அதைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களிலும் சைவ வீடுகளில் வளர்ந்தவர்கள் 'மூலாதாரம்' என்ற சொல்லை யோக வகுப்பில் முதன்முதலாகக் கேட்பதில்லை. விநாயகர் அகவலில் கேட்கிறார்கள். ஔவையார் பெயரால் வழங்கும் அந்த 72 அடிகளுக்குள் மூலாதாரக் கனல், குண்டலி, இடைகலை, பிங்கலை, சுழுமுனை, ஆறாதாரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் தொடங்கி 21 நாள் நீளும் பெருங்கதை விரதத்தில், 21 இழைக் காப்பைக் கையில் கட்டிக்கொண்டு, சுன்னாகம் வரதபண்டிதரின் பிள்ளையார் கதையைப் படிக்கக் கேட்கும் மரபும் இதே மண்ணில் உண்டு. அகவலின் பொருளைக் கேட்டால் அம்மம்மா விளக்கமாட்டார். ஆனால் ஓர் அடிகூடத் தவறாது. சக்கரங்களைப் பற்றி நம்மிடையே எழும் ஆய்வு அவருடைய வாயிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

ஆறு சக்கரங்களாகிய ஆறாதாரம் என்பது சித்தம் நின்று பழகும் இடங்களின் ஒழுங்கு. அதை நோய்கள் குடியிருக்கும் உறுப்புகளின் பட்டியலாக மாற்றியது அண்மைக்காலத்து வேலை. நூல்களே இதற்குச் சான்று. மூலாதாரம் முதல் ஆஞ்ஞை வரை ஆறு தாமரைகளுக்கும் சொல்லப்படும் இதழ்கள் முறையே 4, 6, 10, 12, 16, 2. கூட்டினால் 50, வடமொழி எழுத்துகளுக்குத் தாந்திரிக மரபு கொள்ளும் தொகையும் அதுவே. ஒவ்வோர் இதழிலும் ஓர் எழுத்து. ஆக, எழுத்தை உடலில் இருத்தி ஓதும் முறையின் வரைபடம் இது. சைவர்கள் இதே வரிசையைத் தலங்களிலும் கண்டார்கள்: திருவாரூர் மூலாதாரம், சிதம்பரம் அநாகதம். தில்லையை இதயத்தில் வைத்தவர்கள் இதய நோய்க்கு மருந்து தேடி அப்படிச் செய்யவில்லை.

இன்று சுவரொட்டிகளில் காணும் வானவில் நிறங்களின் வரலாறு மிகக் குறுகியது. 1577இல் பூர்ணானந்தர் இயற்றிய ஷட்சக்ர நிரூபணத்தில் மூலாதாரத்துப் பிருதிவி மண்டலம் மஞ்சள் நிறச் சதுரம். அந்நூலை 1919இல் சர் ஜான் உட்ரோஃப் ஆங்கிலத்தில் தந்தார்; 1927இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் தம் காட்சிகளைச் சேர்த்துத் தனிநூல் எழுதினார். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வரிசை 1970களில்தான் மேலைநாடுகளில் நிலைபெற்றது. அதே 1927இல் பம்பாய் மருத்துவர் வசந்த் ரேலே, குண்டலினி என்பது வேகஸ் நரம்பே என்று வாதிட்டார். அவருக்கு முன்பே தயானந்த சரஸ்வதி, கங்கையில் மிதந்துவந்த பிணத்தை அறுத்துப் பார்த்துச் சக்கரங்களைக் காணாமல், கையிலிருந்த நூல்களை ஆற்றில் எறிந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒருவர் உடலுறுப்பு உண்டு என்றார், மற்றவர் இல்லை என்றார். இருவரும் தேடியது உறுப்பையே. தேடல் பிழைத்த இடம் அதுதான்.

அப்படியானால் சிகிச்சைக்கு யோகத்தில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 1987 மே 26இல் தொடங்கிய வடமராட்சித் தாக்குதலும், 1989 ஓகஸ்டில் அயலூரான வல்வெட்டித்துறையில் நடந்த படுகொலையும், 2004 ஆழிப்பேரலையும் ஒரே தலைமுறையின் உடலில் பதிந்தவை. போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்து 1998இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலை வெளியிட்ட உளநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யாழ்ப்பாணத்து மக்கள் மனத்துயரை உடலின் மொழியில் முறையிடுவதை எடுத்துக்காட்டியவர். தலையிடி, நெஞ்சு இறுக்கம், உடம்பெரிவு, பெருமூச்சு. 'கவலை' என்று சொல்லத் தயங்குபவர் 'பெருமூச்சு வருது டொக்டர்' என்பார். துயர் மூச்சாக வெளிப்படும் ஊரில் மூச்சுப் பயிற்சியை மருந்தாகக் கொடுப்பது இறக்குமதிச் சரக்காகாது. நோயாளியின் சொல்லுக்கு நேர்விடை அது.

சோமசுந்தரம் வகுத்த வழியும் எளிமையானது. மேலைநாட்டுத் தசைத்தளர்வுப் பயிற்சிக்குச் சாந்தியாசனம், மூச்சுக்குப் பிராணாயாமம், சொல்லுக்கு அவரவர் சமயத்து மந்திரம்: சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. இதற்கு உடலியல் சான்றும் இருக்கிறது. 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் பெர்னார்டி குழுவினர் 23 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். இலத்தீன் செபமாலையை ஓதினாலும் பௌத்த மந்திரத்தை ஓதினாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு இசைந்தன. அகவலைச் சந்தம் பிசகாமல் நிதானமாக ஓதுபவரிடமும் இது நிகழும் என எதிர்பார்க்கலாம். அளந்து பார்க்க வேண்டிய கருதுகோள் இது. 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடி வளாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுப் பொருள் எதுவென்று எனக்குத் தோன்றவில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். சித்திரவதைக்குள்ளானவர் கண்ணை மூடிப் படுத்தால் அமைதிக்குப் பதில் பழைய அறை திரும்பி வரலாம். அவருக்குக் கண் திறந்த பயிற்சியே தகும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மூச்சை நீண்ட நேரம் அடக்கும் கும்பகம் கூடாது. மனப்பிறழ்வு நோயாளியின் மாத்திரையை நிறுத்திவிட்டு 'ஆஞ்ஞையைத் திறப்போம்' என்பது கொடுமை. அதற்கு வேறு பெயர் இல்லை.

தன்பேணல் என்பதைத் தனியறையில் ஒருவர் தமக்கே செய்துகொள்வதாக மட்டும் புரிந்துகொள்வதையும் நான் ஏற்கவில்லை. உடுப்பிட்டிக்கு அருகே தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகனுக்கு வாய்கட்டி மௌனமாகப் பூசை நடக்கிறது; அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற அந்த வாசலில் வருவோர்க்குச் சோறு உண்டு. மௌனமும் பந்தியும் அங்கே ஒரே வழிபாட்டின் இரு கூறுகள். கணவனை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணிடம் 'உங்களுக்காக ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள்' என்று சொல்வது எளிது. அந்த மணிநேரத்தில் அவருடைய அடுப்பை யார் பார்ப்பது? பிள்ளையார் கதைப்படிப்புக்குப் போனால் அவர் பலரோடு உட்கார்கிறார், மூச்சு அடங்குகிறது, ஒருத்தி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள்.

உளவளத்துணையாளர்களையும் யோக ஆசிரியர்களையும் பயிற்றுவிப்போரிடம் ஒரு வேண்டுகோள். வானவில் படத்தைச் சுவரில் மாட்டுமுன், இந்தக் கார்த்திகையில் ஒரு மாலையாவது கதைப்படிப்பில் போய் இருங்கள். ஓதுபவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று குறித்து வாருங்கள்.