ஏழில் வென்றும் இரண்டாமவர்

1960 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 6 ஆம் நாள் இரவு. உரோமாபுரி ஒலிம்பிக் அரங்கிலே பத்து அம்சப் போட்டியின் இறுதி அம்சமாகிய 1500 மீற்றர் ஓட்டம் தொடங்கவிருந்தது. முன்னணியில் நின்றவர் ஐக்கிய அமெரிக்காவின் ரேபர் ஜோன்சன். அவருக்கு 67 புள்ளிகள் பின்னால் நின்றவர், தைவான் தீவின் அமிஸ் பழங்குடியிலே பிறந்த யாங் சுவான்-குவாங். இருவரும் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாச் சர்வகலாசாலையிலே ஒன்றாகப் பயின்ற உற்ற நண்பர்கள். பயிற்சியாளரும் இருவருக்கும் ஒருவரே. எல்வின் டிரேக் என்பவர்.

இரண்டு நாட்களில் பத்து மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளை ஒருவரே செய்து முடிப்பது இப்போட்டி. ஒவ்வொன்றிலும் எத்தனையாவதாக வந்தார் என்பது இங்கே கணக்கில்லை. ஓடிய நேரம், பாய்ந்த உயரம், எறிந்த தூரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் புள்ளி வழங்குவர். அந்த அட்டவணையே யாங்கின் வாழ்விலே இருமுறை குறுக்கே நின்றது.

100 மீற்றர், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், 400 மீற்றர், சட்டவேலி ஓட்டம், கோலூன்றிப் பாய்தல் ஆகிய ஆறிலும் யாங் தம் நண்பரை வென்றிருந்தார். ஆனால் குண்டு போடுதலில் ஜோன்சன் 15.82 மீற்றர் எறிய, யாங்குக்குக் கிடைத்தது 13.33 மீற்றரே. தட்டெறிதலிலோ 48.49 மீற்றருக்கு எதிரே 39.83 மீற்றர். ஈட்டி எறிதலிலும் ஜோன்சனே சற்று முந்தினார். சிறுகச் சிறுகச் சேர்த்த ஆறு வெற்றிகளையும் அந்த எறிதல்கள் விழுங்கிவிட்டன.

எஞ்சியிருந்த ஓட்டத்தில் ஏறக்குறைய பத்து விநாடிகள் முந்தினால் தங்கம் யாங்குக்கு. நெடுந்தூர ஓட்டத்தில் அவரே வல்லவர். டிரேக்கின் நிலை விசித்திரமானது. யாங்கை ஒட்டியே ஓடும்படி ஜோன்சனுக்குச் சொன்னார்; ஜோன்சனை உதறிவிட்டு ஓடும்படி யாங்குக்குச் சொன்னார். இருவருக்கும் சொன்னது உண்மையான யோசனை. எவரையும் அவர் வஞ்சிக்கவில்லை.

யாங் விரைந்தார். அவர் முதுகின் பின்னே நிழல்போல் தொடர்ந்தார் ஜோன்சன். யாங் 4 நிமிடம் 48.5 விநாடியில் கோட்டைத் தாண்டினார்; ஜோன்சன் 4 நிமிடம் 49.7 விநாடியில் தாண்டினார். இடைவெளி 1.2 விநாடி மாத்திரமே. ஏழாவது நிகழ்ச்சியிலும் யாங் வென்றார், போட்டியிலே தோற்றார். ஜோன்சனுக்கு 8392 புள்ளிகள், யாங்குக்கு 8334. மூன்றாமவரான சோவியத் வீரர் குஸ்னெட்சோவ் 7809 புள்ளிகளோடு வெகு தொலைவில் நின்றார். களைத்துப்போன நண்பர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றனர். ஜோன்சன் அதன்பின் இப்போட்டியில் இறங்கவில்லை.

யாங் ஓயவில்லை. 1963 ஏப்பிரலில் கலிபோர்ணியாவிலே 9121 புள்ளிகள் பெற்று உலக சாதனை நாட்டினார். 9000 ஐக் கடந்த முதல் வீரர் அவரே. அப்போது புதிதாக வழக்குக்கு வந்திருந்த கண்ணாடி நார்க் கோலை ஊன்றி 4.84 மீற்றர் பாய்ந்தார். அவ்வுயரத்துக்கு அட்டவணையிலே இடமே இருக்கவில்லை!

ஆனால் அட்டவணை மாறியது. ஒரு நிகழ்ச்சியில் தனித்து ஓங்குவோருக்கு வாரி வழங்கிய பழைய முறை கைவிடப்பட்டது. யாங்கின் 9121 புள்ளிகள் புதிய கணக்கிலே 8089 ஆகச் சுருங்கின. 1964 இல் தோக்கியோவுக்கு உலக சாதனையாளராகவே சென்றார். அங்கு 7887 புள்ளிகளோடு தங்கம் பெற்றவர் ஜெர்மானியரான வில்லி ஹோல்டோர்ப். யாங்குக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்.