சேப்பாக்கம் அரண்மனை: நவாபின் வீடு அரசு அலுவலகமான வரலாறு

கள்ளக்குறிச்சியிலிருந்து நிலப் பிரச்சினைக்காகச் சென்னை எழிலகத்துக்குப் போய்வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அதன் பக்கத்தில், மரங்களுக்குப் பின்னே நிற்கும் சிவப்புக் கட்டடத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? அதுதான் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் சேப்பாக்கம் அரண்மனை. 1993 வரை நம் ஊர் இருந்த தென்னாற்காடு மாவட்டத்தின் பெயரிலும் அந்த ஆற்காடுதான் இருந்தது.

ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருக்க விரும்பிய நவாப், ஜார்ஜ் கோட்டைக்குச் சற்றுத் தெற்கே இதைக் கட்டினார். 1768-இல் பணி முடிந்தது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என இரண்டு பகுதிகள்; சுற்றிலும் 117 ஏக்கர். இன்றைய கிரிக்கெட் மைதானமும் அந்த வளாகத்தில் அடங்கியதே. ஆனால் போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடமும் கம்பெனி ஆட்களிடமும் வாங்கிய கடன் அவரை விடவில்லை. 1795-இல் அவர் வஃபாத்தானார். 1801 உடன்படிக்கையில் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி வசமானது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும்தான்.

1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தார். சித்தப்பா அஸீம் ஜா உயிரோடு இருந்தும் அவரது உரிமையை ஏற்காமல் டல்ஹௌசி அந்தப் பட்டத்தையே ஒழித்தார். கடனை அடைக்க என்று 1859-இல் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. வாங்கியது யார்? சென்னை அரசாங்கமேதான். பிறகு அஸீம் ஜாவுக்கு 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் கிடைத்தது. குடும்பம் இராயப்பேட்டை அமீர் மஹாலுக்குக் குடியேறி இன்றும் அங்கே வசிக்கிறது. பழைய அரண்மனை திரும்பி வரவில்லை.

அங்கே ரெவின்யூ போர்டு வந்து அமர்ந்தது. சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இரு மஹால்களுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். ஒருகாலத்தில் நவாபுக்குச் சேர்ந்த நம் பகுதிக் கிஸ்திக்கு, அவர் வீட்டிலிருந்தே வேறொருவர் கணக்குப் பார்த்தார்!

சுதந்திரத்துக்குப் பிறகும் அலுவலகங்கள் தொடர்ந்தன, பராமரிப்புத்தான் தொடரவில்லை. 2012 ஜனவரியில் கலஸ் மஹாலில் பெரும் தீ. அதை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். இடித்துவிடாமல், சுண்ணாம்புக் காரை கொண்டு பழைய முறையிலேயே பொதுப்பணித்துறை புதுப்பித்தது. நம் பார்வையில் இது பாராட்டத்தக்க வேலை.

இப்போது கலஸ் மஹாலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. கல்வராயன் மலையின் காடு, ஓடை குறித்து நாம் வழக்குத் தொடுத்தாலும் அந்தப் படிகளில்தான் ஏற வேண்டும். போகிறவர்கள் அருகே திருவல்லிக்கேணியில் 1795-இல் நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு வரலாம்.