வீட்டுச் சட்டம்

தாயக்கட்டை ஆடத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டால், முதல் மனஸ்தாபம் சீர்வரிசையில் வருவதில்லை, தாயக்கட்டத்தில்தான் வருகிறது. ஒரு வீட்டில் எதிராளியின் காயை ஒரு தரமாவது வெட்டினால்தான் தன் காய் பழுக்கலாம். இன்னொரு வீட்டில் அந்த நிபந்தனையே கிடையாது. ஒரு வீட்டில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அடுத்த வீட்டில் ஐந்து விழுந்தாலும் இறக்கிவிடுவார்கள். "எங்கள் வீட்டில் இப்படித்தான்" என்பதற்கு மேல் இவற்றுக்கு ஆதாரம் கேட்க முடியாது. அப்பீல் செய்யக் கோர்ட்டும் இல்லை. ஆனாலும் வருமான வரிச் சட்டத்தை மனம் கூசாமல் மீறுகிற ஆசாமிகூட வீட்டுத் தாயச் சட்டத்தை மீறி நான் பார்த்ததில்லை.

இந்த வீட்டுச் சட்டங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டா என்று என்னை யோசிக்க வைத்தது ஒரு குத்துச் சண்டை. வாசகர்கள் பயப்பட வேண்டாம். மேஜைமேல் நடந்த சண்டைதான்.

அமெரிக்காவில் 1951-இல் பென்ஸில்வேனியாவைச் சேர்ந்த ஸீட்ஸ் என்பவர், பேஸ்பால் ஆட்டத்தை அட்டையும் பகடையுமாகச் சுருக்கி விற்க ஆரம்பித்தார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. இரண்டு பகடைகளை உருட்டி, ஒன்றைப் பத்தாம் ஸ்தானமாகவும் மற்றதை ஒன்றாம் ஸ்தானமாகவும் படிக்க வேண்டும். 11 முதல் 66 வரை 36 எண்கள் கிடைக்கும். விழுந்த எண்ணுக்கு அந்த ஆட்டக்காரர் என்ன செய்வார் என்பதை அட்டை சொல்லும். இதே போன்ற யுக்தி பிற்பாடு குத்துச் சண்டைக்கும் மல்யுத்தத்துக்கும் பரவியது. 1979-இல் 'டைட்டில் பௌட்' என்ற குத்துச் சண்டை ஆட்டம் வந்தது. அதில் பகடை இல்லை. சீட்டைப் புரட்டி எண் எடுப்பார்கள். 1986-இல் ஃபில்ஸிங்கர் என்பவர், எதிர்காலத்து மல்லர்களைக் கற்பனை செய்து அட்டையும் பகடையுமாக ஒரு மல்யுத்த ஆட்டமே அமைத்தார்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ருசி தெரியாததல்ல. 1990-களில் மல்யுத்த 'ட்ரம்ப் கார்டு' இல்லாத தெரு உண்டா? உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு என்று அச்சிட்ட அட்டையை வைத்துக்கொண்டு ஒருவன் கேட்பான். பெரிய எண் உள்ளவன் சீட்டை வாரிக்கொள்வான். என் தங்கை பிள்ளைகள் ஆடும்போது, 'ரேங்க்' மட்டும் கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். காரணம் எளிது. முதல் ரேங்க் சீட்டு யாரிடம் இருந்ததோ அவன் அன்று அதைத் தவிர வேறொன்றையும் கேட்கமாட்டேன் என்றான், இளையவள் அழுதாள், சட்டம் பிறந்தது.

பாளையங்கோட்டையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவரும் நானும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு குத்துச் சண்டை ஆட்டம் செய்தோம். சுற்றுக்குப் பத்து உருட்டல்; பதினைந்து சுற்றுக்கு 150. '66 விழுந்தால் ஆள் சாய்ந்தான், சண்டை முடிந்தது' என்று நான் எழுதினேன். வாத்தியார் சிரித்தார். 36-க்கு ஒரு தரம் வருகிற எண் 150 உருட்டலில் நாலு தரம் வரும். எவனும் பதினைந்தாம் சுற்றைக் காண மாட்டான். ஆகவே 66 விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும், மறுபடியும் 66 விழுந்தால்தான் ஆள் சாய்வான் என்று திருத்தினோம். இப்போது 1,296-க்கு ஒன்று. ஏறக்குறைய ஒன்பது சண்டைக்கு ஒருவன்தான் விழுந்தான். இது வெறும் சங்கீதக் கச்சேரி. கடைசியில், கை கனமான வீரர்களுக்கு மட்டும் இரண்டாவது உருட்டலில் எந்த இரட்டை எண் விழுந்தாலும் போதும் என்று வைத்தோம். இரண்டு சண்டைக்கு ஒன்று பாதியில் முடிந்தது. டெம்ப்ஸியும் மார்ஸியானோவும் உயிர்பெற்றார்கள்.

எங்கள் சட்டம் கணக்கிலிருந்து வந்தது. நிஜமான குத்துச் சண்டையின் சட்டம் எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஜாக் பிராட்டன் என்பவர் லண்டனில் தேம்ஸ் நதியில் படகோட்டியாக இருந்து குத்துச் சண்டை வீரரானவர். 1741-இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸன் என்ற வண்டிக்காரரோடு மோதினார். அடிபட்ட ஸ்டீவன்ஸன் சில வாரங்களில் இறந்து போனார் என்றும், அந்தத் துயரம்தான் பிராட்டனைச் சட்டம் எழுத வைத்தது என்றும் சொல்வது வழக்கம். 1743-இல் ஆக்ஸ்ஃபோர்ட் சாலையில் பிராட்டன் சொந்தமாகச் சண்டை அரங்கம் திறந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி, அங்கே கூடிய கனவான்களின் சம்மதத்தோடு ஏழு விதிகள் ஏற்பட்டன. பார்லிமெண்டோ ராஜாவோ போட்டதல்ல. அந்த அரங்கத்தின் மேடையில் ஏறுகிறவர்களுக்கு அந்த அரங்கத்தார் போட்டது. சுத்தமான வீட்டுச் சட்டம்.

விதிகளைப் பார்த்தால் பிராட்டன் என்னவெல்லாம் கண்டு சலித்திருந்தார் என்பது புரிகிறது. மேடை நடுவே சுண்ணக்கட்டியால் ஒரு கஜ அளவுக்குச் சதுரம் போட வேண்டும். ஒருவன் விழுந்தால், அவனுடைய துணையாள் அரை நிமிஷத்துக்குள் அவனைச் சதுரத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. விழுந்து கிடப்பவனை அடிக்கக் கூடாது. முழங்காலில் நிற்பவனும் விழுந்தவன்தான். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. தகராறு வந்தால் தீர்க்க, வந்திருக்கும் கனவான்களில் இருவரை நடுவராகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஒருவர். சில்லறைச் சண்டைகளில் ஜெயித்தவனுக்கு வசூலில் மூன்றில் இரண்டு பங்கு. அதையும் எல்லோரும் பார்க்க மேடையிலேயே பிரிக்க வேண்டும், அந்தரங்கமாக என்ன பேசியிருந்தாலும் சரி. இந்தக் கடைசி வாசகத்துக்குப் பின்னால் எத்தனை ஏமாந்த ஏழைகள் நிற்கிறார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது விதி. வீரன் கோட்டுக்கு வரத் தவறினாலொழிய, அல்லது அவனுடைய துணையாளே அவன் தோற்றான் என்று சொன்னாலொழிய, அவனைத் தோற்றவனாகக் கருதக் கூடாது. எதிரியின் துணையாள் வந்து "விட்டுவிடப்பா" என்று அவனிடம் பேசவும் கூடாது. தோல்வியை ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தை, அடிபடுகிறவனை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் நிற்பவனிடம் பிராட்டன் கொடுத்துவிட்டார். அடிபடுகிறவன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். 1750-இல் ஜாக் ஸ்லாக்கிடம் அவரே கண் தெரியாமல் அடிவாங்கித் தோற்றார். அவர்மேல் பந்தயம் கட்டியிருந்த கம்பர்லாந்து பிரபுவுக்குப் பெருத்த நஷ்டம். அரங்கம் மூடப்பட்டது. விதிகள் மட்டும் ஏறக்குறைய நூறு வருஷம் இங்கிலாந்து முழுவதும் வழங்கின.

1838-இல் ஓவன் ஸ்விஃப்டோடு மோதிய பிரைட்டன் பில் இறந்தார்; அந்த ஆண்டே புதிய விதிகள் எழுதப்பட்டன. 1867-இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் கையுறையும், மூன்று நிமிஷச் சுற்றும், பத்து எண்ணும் வழக்கமும் வந்தன. இதெல்லாம் மேஜையாட்டக்காரனுக்குத் தலைவலி. 1889-இல் ஸல்லிவன் கில்ரெய்னை வென்றது 75 சுற்றில். ஆனால் அந்தச் சட்டப்படி ஒருவன் விழுந்தால் சுற்று முடிந்தது. அவரையும் பிற்காலத்து வீரரையும் மோத விட்டால் எந்தச் சட்டம்? நாங்கள் பூவா தலையா போட்டுப் பார்க்கிறோம்.

1927 செப்டம்பர் 22-ஆம் தேதி, சிகாகோவில் டெம்ப்ஸி ஏழாவது சுற்றில் டன்னியைக் கீழே தள்ளினார். தள்ளியவர் நடுநிலை மூலைக்குப் போன பிறகுதான் எண்ண வேண்டும் என்பது அன்றைய சண்டைக்குச் சட்டம். எல்லா ஊர்களிலும் அப்போது அது இல்லை. டெம்ப்ஸி பழைய பழக்கத்தில் பக்கத்திலேயே நின்றார். நடுவர் எண்ணத் தாமதித்தார். ஒன்பது எண்ணும்போது எழுந்த டன்னிக்கு உண்மையில் கிடைத்தது சுமார் பதினான்கு விநாடி என்கிறார்கள். பத்துச் சுற்று முடிவில் ஜெயித்தவர் டன்னி. டெம்ப்ஸி அடியில் தோற்கவில்லை. பிறத்தியார் வீட்டுச் சட்டத்தில் தோற்றார் என்பது என் அபிப்பிராயம்.

இப்படி எல்லாமே மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக இருக்க, 1967-இல் மயாமியைச் சேர்ந்த வொரோனர் என்ற ரேடியோக்காரர் ஒரு கம்ப்யூட்டரை நடுவராக்கினார். எக்காலத்துக்கும் உரிய கனஎடை வீரர்கள் பதினாறு பேரின் குணங்களை எண்களாக்கி அதனிடம் கொடுத்து, முடிவை நாடகமாக ஒலிபரப்பினார். மார்ஸியானோ இறுதியில் வென்றார். முகமது அலி கால் இறுதியிலேயே ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி அந்த வருஷம் பட்டாளத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தைப் பறிகொடுத்திருந்தார். மேடையேற அனுமதி இல்லை. மேடையில் எவனும் அதுவரை அவரைத் தோற்கடித்ததும் இல்லை. மானநஷ்டம் என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். எண்களோடு வழக்காடலாமா என்று கேட்கலாம். ஆனால் தாயக்கட்டத்தில் சட்டம் செய்யும்போது ஆடுகிறவனும் பக்கத்தில் இருக்கிறான். "இது எனக்குச் சம்மதமில்லை" என்று எழுந்து போகலாம். அலியை யாரும் கேட்கவில்லை.

பிறகு சமாதானம் ஆயிற்று. 1969-இல் அலியும் மார்ஸியானோவும் காமிராவுக்கு முன்னால் சண்டை போட்டுக் காட்டினார்கள். முடிவு பலவிதமாகப் படமாக்கப்பட்டது. ஆகஸ்டு 31-இல் விமான விபத்தில் மார்ஸியானோ இறந்தார். 1970 ஜனவரி 20-இல் படம் வெளிவந்தபோது, அமெரிக்காவில் பதிமூன்றாம் சுற்றில் மார்ஸியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். யந்திரத்துக்கும் வீட்டுக்கு வீடு சட்டம் வேறு போலிருக்கிறது.

'டைட்டில் பௌட்' வந்த 1979-இல் பட்டச் சண்டை என்றால் பதினைந்து சுற்று. 1982 நவம்பர் 13-இல் லாஸ் வேகாஸில் கொரிய வீரர் கிம் டக் கூ, மான்ஸினியோடு பதினாலாம் சுற்று வரை நின்று விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு; சில நாட்களில் இறந்தார். சில மாதங்களில் அவருடைய தாயும் உயிரை மாய்த்துக்கொண்டாள். உலகக் குத்துச் சண்டைக் கவுன்சில் உடனே பன்னிரண்டு சுற்றாகக் குறைத்தது. மற்ற சங்கங்கள் சில வருஷங்களில் பின்பற்றின.

எங்கள் மேஜையில் 1982 வரைக்கும் உள்ள சண்டைகளுக்குப் பதினைந்து, அதற்குப் பிந்தியவற்றுக்குப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டோம். பிராட்டனின் நாலாவது விதியையும் சேர்த்தோம். எங்களில் யார் கையில் அட்டை இருக்கிறதோ அவரே அந்த வீரனின் துணையாள். வாத்தியார் அதை ஒரு தரம்கூட உபயோகித்ததில்லை, கணக்குப் பிடிவாதம்.

போன மார்கழியில் அவர் கிம்முக்கு அட்டை எழுதிக்கொண்டு வந்தார். நான் மான்ஸினி. கிம் பிரமாதமாக ஆடினார்; பன்னிரண்டாம் சுற்று முடிந்தபோது எனக்கு ஒரு புள்ளிதான் அதிகம். வாத்தியார் பகடைகளை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

"இன்னும் மூன்று சுற்று இருக்கிறதே, சார்" என்றேன்.

"நான் இவனுக்குத் துணையாள். தோற்றான் என்று சொல்கிறேன். எழுதும் ஓய்" என்றார்.

எழுதினேன்.