கோழியின் கால் ஆணி

தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனைக்குச் சில தெருக்கள் தள்ளி எங்கள் வீடு இருந்தது. ஆயா ஐந்தாறு கோழிகள் வளர்த்தார். கடற்கரைப் பேட்டை என்பதால் முற்றம் முழுவதும் மணல். எண்பதுகளில் ஒரு கோடையில் அப்பா அந்த மணலை மூடிச் சிமெண்டு பூசினார். அடுத்த சில மாதங்களில் செம்பெட்டை ஒன்று காலைத் தூக்கித் தூக்கி நடக்க ஆரம்பித்தது. பிடித்துப் பார்த்தால் பாதத்தின் நடுவே வீக்கம். அதன் உச்சியில் மிளகு போலக் கறுத்த பொருக்கு. ஆயா அதைக் கால் ஆணி என்றார்.

நம் மரபில் கோழிக்கு இடமில்லாமல் இல்லை. உறையூருக்கே கோழி என்றொரு பெயருண்டு. யானையை எதிர்த்து வென்ற கோழியின் கதை அதன் பின்னால் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுத்த பழைய நடுகல் கிடைத்திருக்கிறது. ஆனால் கல் நின்றது போரிட்ட சேவலுக்கு. முட்டையிட்ட பெட்டைக்கு யாரும் கல் நடவில்லை. அது பெண்களின் சிறுவாட்டுச் சொத்து. அதன் நோயும் மருந்தும் அடுக்களையோடு நின்றுவிட்டன.

எங்கள் பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் வேப்பேரி. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. இந்தியாவில் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட முதல் கால்நடைக் கல்லூரியும் அதுதான். அக்காலத்துக் கால்நடை மருத்துவத்தின் முதற்கவலை ராணுவக் குதிரைகளும் உழவு மாடுகளும். கோழி அதன் கவனத்துக்கு வந்ததே கூட்டங்கூட்டமாய்ச் சாகத் தொடங்கிய பிறகுதான். 1927இல் ராணிகேட்டில் கண்ட கொள்ளைநோய்க்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் தடுப்பூசி உருவானது. ஒற்றைக் கோழி நொண்டுவது எந்த அரசுக்கும் செய்தியாகவில்லை.

ஆனால் அந்த நொண்டலுக்குக் காரணமான கிருமி நவீன மருத்துவத்தின் மையத்தில் இருந்தது. 1880களின் தொடக்கத்தில் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழ்க்கட்டிகளில் திராட்சைக் கொத்துப் போலத் திரண்டிருந்த நுண்ணுயிரிகளைக் கண்டு, அவற்றுக்கு ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் தட்டில் பூஞ்சை படர்ந்து அழித்ததும் இதே இனத்தைத்தான். அந்தப் பெனிசிலினை நாமே தயாரிக்கவென்று 1954இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் எழுந்தது. அதன் பிறகு தெருமுனை மருந்துக்கடை வரை நுண்ணுயிர்க்கொல்லி வந்து சேர்ந்தது.

எங்கள் செம்பெட்டைக்கும் வந்தது. மனிதருக்கான குப்பி மாத்திரை ஒன்றைப் பிரித்துத் தவிட்டில் கலந்து கொடுக்கச் சொன்னார் கடைக்காரர் ஒருவர். ஒரு வாரம் கொடுத்தோம். வீக்கம் அப்படியே இருந்தது. அது இட்ட முட்டைகளை நான் தின்றுகொண்டிருந்தேன். மருந்து கொடுத்த கோழியின் முட்டையைக் குறிப்பிட்ட நாட்களுக்கு உண்ணக்கூடாது என்று எங்களுக்குச் சொல்வாரில்லை.

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். நம் உடலில் சீழ் நீர்த்து வடியும். பறவையின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதிகள் சில இல்லாததால் அது பாலாடைக்கட்டி போல இறுகி உருண்டையாகிவிடுகிறது. இரத்தம் புகாத உருண்டைக்குள் மருந்தும் புகாது. அதை அகற்றியாக வேண்டும். கத்தி தவறினால் தசைநாண் அறும், கிருமி எலும்புக்கு ஏறும் என்பதால் அது கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் செய்யத் தக்கது தொடக்கநிலையில்தான்: கையுறை அணிந்து, வெதுவெதுப்பான உப்புநீரில் பாதத்தை ஊறவைத்துக் கழுவி, அயோடின் மருந்திட்டு, மெத்தென்று கட்டி, உலர்ந்த மிருதுவான தரையில் விடுவது.

ஆயா இவற்றில் பாதியைச் செய்திருந்தார். உப்புநீர், மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெய், பழந்துணிக் கட்டு. பிறகு எங்களிடம் ஒரே ஒரு கட்டளை: "சிமெண்டுல வுடாதடா. மணல்ல வுடு." பின்கட்டில் மிஞ்சியிருந்த மணலில் கோழி கூடைக்குள் கிடந்தது. பல வாரங்களில் வீக்கம் வற்றியது. ஆனால் கடைசிவரை சற்றுச் சாய்ந்தே நடந்தது. மஞ்சளும் வேம்பும் குப்பைமேனியும் சேர்ந்த இத்தகைய மரபு மருந்துகளைத் தஞ்சையில் கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்திப் பரப்பினார் என்று பின்னர் அறிந்தபோது, ஆயா உயிரோடு இல்லை.

2009இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. உலகெங்கும் கோழிகளைத் தாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வகைகளுள் பெரும்பங்கு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் மனிதனிடமிருந்து கோழிக்குத் தாவிய ஒரே கால்வழியைச் சேர்ந்தது என்று மரபணுக்களைக் கொண்டு காட்டினார்கள். பெருங்கூடங்களில் கோழிகளைத் திரட்டி நாடு நாடாக அனுப்பத் தொடங்கிய காலம் அது. 'கோழியிடமிருந்து நமக்கு என்ன தொற்றும்' என்றே அஞ்சிப் பழகியவர்கள் நாம். இங்கே கொடுத்தவர்கள் நாம், வாங்கிக்கொண்டது கோழி.

கொடுத்தது கிருமியை மட்டுமா? தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொட்டி வளர்க்கும் வழக்கம் எவ்வளவு முற்றியது என்றால், மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருந்த கொலிஸ்டினைக் கோழிகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடைசெய்ய நேர்ந்தது. கால் ஆணிக்கும் கொலிஸ்டினுக்கும் தொடர்பில்லை. ஆனால் தவிட்டில் மாத்திரை கலந்த எங்கள் வீட்டுக்கும் அந்தப் பண்ணைகளுக்கும் இடையே வேறுபாடு அளவில்தான் இருந்தது.

செம்பெட்டைக்குத் தேவைப்பட்டது முதலில் மருந்தன்று. குதித்து இறங்கும்போது பாதத்தைக் காயப்படுத்தாத தரை. அதை நாங்களே மூடியிருந்தோம். சென்ற ஆண்டு அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். பின்கட்டு மணலும் இப்போது இல்லை.