பதினோராம் வகுப்பில் உளவியல் பாடம்: முன்னோர் வரலாறு சொல்வது என்ன?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில், சிபிஎஸ்இ பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் மதரஸாவுக்கும் ஒரு வினாவோடு வருகின்றனர். "ஹஜ்ரத், மகள் பதினோராம் வகுப்பில் உளவியல் எடுக்க வேண்டும் என்கிறாள். அதைப் படித்தால் ஈமானுக்குப் பழுது வந்துவிடாதா?" வேறு சிலரின் தயக்கம் இன்னும் நேரடியானது: அது பைத்தியக்காரர்களைப் பற்றிய படிப்பாயிற்றே, நாளை சம்பந்தம் பேச வருவோர் என்ன நினைப்பார்கள்? இரண்டாவது தயக்கத்தைப் பின்னர்ப் பார்ப்போம். முதலாவது வினா வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டிய வினா.

அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. நவீன உளவியல் 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குவதாகப் பாடநூல்கள் கூறும். 1913இல் அமெரிக்கரான ஜான் வாட்சன், வெளியில் தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய்ந்தால் போதும் என்றார். சிக்மண்ட் பிராய்டு 1927இல் சமய நம்பிக்கையையே ஒரு மாயை என்று எழுதி நூலாக வெளியிட்டார். ரூஹையும் மறுமையையும் நம்புகிற ஒரு குடும்பம் இவற்றைக் கேள்விப்பட்டுத் தயங்குவது இயல்பே. ஆனால் இவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குறிப்பிட்ட ஒரு காலத்தில் எழுந்த சில பள்ளிகளின் கருத்துகள். மனித உள்ளத்தை ஆராயும் கல்வி இவர்களோடு பிறந்ததன்று.

ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல், மறைந்த அபூ ஸைத் அல்பல்கீயை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு பகுதியில் பிறந்தவர். புவியியலாளராகவே பெரிதும் அறியப்பட்டவர். அவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் பெயருக்கு உடல்களின் நலனும் உள்ளங்களின் நலனும் என்பது பொருள். மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனித்து உள்ளத்தை விட்டுவிடுகின்றனர் என்பது அவருடைய குறை. மனிதன் உடலும் உள்ளமும் இணைந்தவன். ஒன்று நோயுற்றால் மற்றொன்றும் வாடும் என்பது அவர் வாதம்.

சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்கு வகை உள்ளத் துன்பங்களை அவர் தனித்தனியே ஆராய்கிறார். துயரத்தையும் இரண்டாகப் பிரிக்கிறார்: காரணம் தெரிந்த துயரம், காரணம் புலப்படாமல் உடலிலிருந்து எழும் துயரம். உற்றாரை இழந்தவர் அழுவதும், ஒரு குறையும் இல்லாதவர் விடியற்காலையில் எழ முடியாமல் கிடப்பதும் ஒன்றல்ல என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர் அவர். (நம் ஊர்களில் பின்னவரை இன்றும் சோம்பேறி என்றே ஏசுகிறோம்.) அவசரத்துக்கென மருந்தைச் சேமித்து வைப்பது போல, உள்ளம் நலமாயிருக்கும்போதே நல்லெண்ணங்களைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். இந்நூலின் கையெழுத்துப் படி இஸ்தான்புல்லில் கிடந்தது; 1984இல்தான் அதன் நகல் பிராங்பர்ட்டில் அச்சேறியது. நாம் மறந்த நூலை நமக்கு மீட்டுத் தந்தது மேலைநாட்டு அச்சகம் என்பது சற்று வெட்கத்துக்குரியதே.

பிறரிடமிருந்து வரும் கல்வியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் நூலில் விரிவாக விடை தருகிறார்கள். தத்துவவாதிகளின் கணிதத்தைப் பற்றிப் பேசுகையில் இரு ஆபத்துகளைச் சுட்டுகிறார்கள். கணிதத்தில் அவர்கள் துல்லியமாய் இருப்பதைக் கண்டு, இறையியலிலும் அவர்கள் சொல்வதே சரி என்று நம்பிவிடுவது முதலாவது. அவர்கள் சொன்னவை என்பதற்காகவே அனைத்தையும் மறுத்து, அதுவே மார்க்கத்துக்குச் செய்யும் உதவி என்று எண்ணுவது இரண்டாவது. இந்த இரண்டாம் வகையினரை மார்க்கத்தின் அறியாமை மிக்க நண்பர்கள் என்கிறார்கள் இமாம்.

ஒழுக்கவியல் பற்றிய பகுதியில் மேலும் நுட்பமான உவமைகள் வருகின்றன. இரத்தம் குத்தி எடுப்பவரின் குப்பியில் இருப்பதால் தேன் அசுத்தமாகிவிடாது. கைதேர்ந்த நாணயமாற்றுநர் கள்ள நாணயக்காரரின் பையில் கைவிட்டாலும் நல்ல பொன்னை எடுத்துவிடுவார். ஆனால் பாம்பாட்டி தன் சிறு குழந்தையின் முன்னிலையில் பாம்பைத் தொடலாகாது. குழந்தை தானும் தொடப் பார்க்கும். பதினைந்து வயதுப் பிள்ளை நாணயமாற்றுநரா, பாம்பாட்டியின் குழந்தையா என்பதே பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

அதை முடிவு செய்யுமுன் பாடநூலைத் திறந்து பார்ப்பது நியாயம். கவனம், கற்றல், நினைவாற்றல், சிந்தனை, உணர்ச்சி ஆகியவை பதினோராம் வகுப்புக்குரிய என்சிஇஆர்டி நூலில் உள்ளன. நுண்ணறிவு, ஆளுமை, மனநலக் கோளாறுகள், அவற்றுக்கான சிகிச்சை முறைகள், மனப்பான்மை ஆகியவை பன்னிரண்டாம் வகுப்பு நூலில் உள்ளன. பிராய்டு ஆளுமை பற்றிய அத்தியாயத்தில் பல கோட்பாட்டாளருள் ஒருவராகவே வருகிறார். 'இஹ்யா'வின் மூன்றாம் பாகத் தொடக்கத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதிய, கல்பின் விந்தைகள் பற்றிய அத்தியாயத்தை ஓர் ஆசிரியரிடம் உடன் ஓதும் பிள்ளைக்கு இந்நூல்களால் தீங்கு நேரும் என்று நான் கருதவில்லை.

நம் காலத்து எச்சரிக்கைக் குரல் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீயுடையது. மேலைக் கோட்பாடுகளை அப்படியே விழுங்கும் முஸ்லிம் உளவியலாளரை 1979இல் வெளியான தம் நூலில் அவர் கடுமையாகச் சாடினார். அதை மேற்கோள் காட்டி இப்படிப்பையே வேண்டாம் என்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: பத்ரீ அத்துறையிலேயே வாழ்ந்து, நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். பல்கீயின் நூலில் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே.

இனி அந்த இரண்டாவது தயக்கம். திமிஷ்கில் 1154இல் சுல்தான் நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளும் பராமரிக்கப்பட்டனர். கெய்ரோவில் 1284இல் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையும் அத்தகையதே. மிகைப்படுத்த வேண்டியதில்லை, 1184இல் திமிஷ்கைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், மனநோயாளிகள் அங்குச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததையும் எழுதியுள்ளார். ஆயினும் அங்கே மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது.

2001 ஆகஸ்ட் 6 அன்று நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலி மட்டும்தான் இருந்தது. ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கல் மனத்தினர் அல்லர். போக வேறிடம் அறியாத தாய் தந்தையர், உடன்பிறந்தோர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால் அக்குடும்பங்களுக்கு அவர்களின் மொழியில், அவர்களின் நம்பிக்கையை இகழாமல் வழிகாட்டக் கூடியவர் நம் ஊர்களில் மிகச் சிலரே. மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா எனக் கூறிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), எல்லோரும் ஃபிக்ஹுக் கல்வியில் முண்டியடிக்க, பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லையே என்று அக்காலத்திலேயே வருந்தினார்கள். பெண் பிள்ளைக்கு இப்படிப்பு வேண்டாம் என்போர், மனம் நொந்த பெண்கள் யாரிடம் வாய் திறப்பார்கள் என்பதையும் சொல்லட்டும்.

எனினும் ஆர்வம் மட்டும் போதாது. மதிப்பெண்ணில் 70 எழுத்துத் தேர்வுக்கு, 30 செய்முறைக்கு. பிறர் மனத்தைப் படிக்கும் வித்தை இதில் இல்லை. நிறைய வாசிப்பும் ஆய்வு முறைகளும் உண்டு. சிகிச்சை அளிக்கும் உளவியலாளராக வேண்டுமெனில் பட்டமும் முதுகலையும் முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த தொழிற்படிப்பும் பயில வேண்டும். அதற்கான ஆண்டுகளையும் செலவையும் குடும்பம் முன்னரே கணக்கிட வேண்டும். மருந்து எழுதும் மனநல மருத்துவராவது வேறு வழி. அதற்கு முதலில் எம்பிபிஎஸ் வேண்டும். ஆகவே இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றை விட்டுவிடலாகாது. உயிரியலோடு உளவியலையும் சேர்த்து எடுக்கச் சில பள்ளிகளில்தான் இடமுண்டு. பிள்ளையின் பள்ளி அவற்றுள் ஒன்றா என்பதைச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள்.