பாடவுரைக் காணொளிப் பதிவு

பாடவுரைக் காணொளிப் பதிவு என்பது பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் நடத்தும் பாடங்களைப் படம்பிடித்து, மாணவர்கள் வேண்டிய நேரத்தில் பார்த்துப் படிக்கும்படி வழங்கும் முறை. இந்தியாவில் இதன் மிகப் பெரிய வடிவம், சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் ‘என்பிடெல்’ திட்டம்.

வரலாறு

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கான நாடு தழுவிய ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒளிபரப்பு நேரத்தைத் தவறவிட்டவருக்கு அன்றைய பாடம் கிடைக்காது என்பது அதன் குறை. 1999இல் உருவான என்பிடெல் திட்டம், 2003இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்தின் நிதியுதவியுடன் செயலுக்கு வந்தது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதில் இணைந்தன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம்கூடத் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வழங்கப்போவதாக 2001இல்தான் அறிவித்திருந்தது. 2014 முதல் என்பிடெல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. 2017 ஜூலை 9 அன்று இணையவழிப் படிப்புகளுக்கான ‘ஸ்வயம்’ இணையதளமும், டிடிஎச் வழியாகப் பாடம் ஒளிபரப்பும் ‘ஸ்வயம் பிரபா’வும் தொடங்கப்பட்டன.

பதிவு செய்யும் முறை

மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பை அப்படியே பதிவது ஒரு முறை. சென்னை ஐஐடியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் புகழ்பெற்ற வகுப்புகள் இவ்வகை: சாக்பீஸால் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சமன்பாட்டையும் படிப்படியாக வருவிப்பார். ஸ்டூடியோவில் கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்துவது மற்றொரு முறை. வகுப்பறைப் பதிவில் மைக் பெரும்பாலும் ஆசிரியரின் சட்டையில் இருப்பதால், மாணவர் கேட்கும் கேள்வி காணொளியில் சரியாக விழாது. கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தந்தால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்கும் புரியும்.

கற்றலில் பயன்

வகுப்பில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படிகளும் புரியாமல் போகும். காணொளியை நிறுத்தி, நோட்டில் தானே போட்டுப் பார்த்து, மறுபடியும் ஓடவிடலாம். பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலவழிப் பாடத்தை எதிர்கொள்பவருக்கு இது பெரிய துணை. பல பாடங்களின் உரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் என்பிடெல் வழங்குகிறது.

என்பிடெல் சான்றிதழ்ப் படிப்புகள் 4, 8, 12 வார அளவில் நடக்கின்றன. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதத்தான் கட்டணம். இறுதி மதிப்பெண்ணில் வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடு, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு. ஸ்வயம் படிப்புகளின் மதிப்பெண் அலகுகளைப் பட்டப்படிப்பில் 20 விழுக்காடு வரை ஏற்கலாம் என 2016இல் வகுத்த விதியை, மானியக் குழு 2021இல் 40 விழுக்காடாக உயர்த்தியது.

சிற்றூர்களும் பதிவுகளும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள சந்தவாசல் போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு இப்பதிவுகளின் தேவை மிகுதி. பஸ் பிடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போய் வருபவர், தவறிய வகுப்பை இரவில் வீட்டிலேயே ஈடுசெய்ய முடியும். மலைமேல் செல்போன் சிக்னல் நிலையாகக் கிடைக்காத இடங்களில், கல்லூரியிலேயே பதிவிறக்கிக் கொண்டுபோவது நல்ல வழி.

வரம்புகள்

பார்ப்பது மட்டுமே படிப்பாகிவிடாது. ‘எட்எக்ஸ்’ என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, குறுங்காணொளிகளே மாணவரை அதிகம் ஈர்ப்பதாகவும் 6 நிமிடத்துக்குள் இருப்பது நல்லது என்றும் கண்டது. ஒரு மணி நேரப் பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இறுதியிலும் கணக்கோ கேள்வியோ வைப்பது இதனால் பயன் தரும். சந்தேகத்தைக் கேட்டுத் தெளிய அருகில் ஓர் ஆசிரியர் வேண்டும். மாணவர்கள் பதிவை முன்கூட்டியே பார்த்துவிட்டு வர, வகுப்பு நேரத்தை விவாதத்துக்கும் கணக்குப் பயிற்சிக்கும் ஒதுக்கும் கல்லூரியில்தான் இம்முறை முழுப் பலன் தரும்.