திருமேனி கவர்தலும் நீதி மன்றமும்

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒல்லாந்தர் திருச்செந்தூர்த் திருக்கோயிலைக் கைப்பற்றிக் கோட்டையாகக் கொண்டனர். மதுரை நாயக்கர் ஆணையால் நீங்குங்கால், சண்முகர் திருமேனியைக் கவர்ந்து கப்பலேற்றினர். ஆணை கோயிலை மீட்டது, கொள்ளையைத் தடுத்திலது. கடல் கொந்தளிக்கவே திருமேனியை ஆழியில் இட்டனர் என்பதும், வடமலையப்ப பிள்ளையன் கனவிற் கண்ட குறிப்பின்படி 1653-இல் அதனை மீட்டனர் என்பதும் தல வரலாறு. அரசரையும் அயல்நாட்டு வணிகரையும் ஒருங்கே நிறுத்தி வினவும் மன்றம் அந்நாளில் இல்லை.

பிற்காலத்தே நிலை வேறாயிற்று. தஞ்சைப் பகுதிப் பத்தூரில் 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்டுக் கடல் கடந்து விற்கப்பட்ட நடராசர் திருமேனி, இலண்டனில் வழக்குப் பொருளாயிற்று. 1988-இல் அந்நகர மன்றம் கோயிற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1991-இல் மேல்முறையீட்டு மன்றமும், கோயில் தானே வழக்காடத் தக்கது எனக் கொண்டு அதனை உறுதி செய்தது. திருமேனி அவ்வாண்டே தாயகம் மீண்டது. இடிந்து பூசையற்ற கோயிலும் தன் உரிமையை இழப்பதில்லை என்பது அத்தீர்ப்பால் இனிது விளங்கும்.